பழைய பத்திரிகைச் சித்திரத் துணுக்குகள்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பா விட்டுச் சென்றவற்றில் மூன்று சீ.ஆர். கொப்பிகள் இருந்தன. கணக்கு எழுத வாங்கியவைதான். ஆனால் உள்ளே ஒரு வரிக் கணக்கும் இல்லை. பத்திரிகையிலிருந்து வெட்டி, கோதுமை மாப்பசை தடவி ஒட்டிய சிறு படங்கள் பக்கம் பக்கமாக இருந்தன. கோட்டை மணிக்கூட்டுக் கோபுரம், டிராம் வண்டி, பேரை வாவி, யாரோ ஒரு தேசாதிபதியின் தொப்பி. ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரிச் செய்தி. வெள்ளவத்தை வீட்டுக்கு வருகிறவர்கள் கொப்பிகளைப் புரட்டிவிட்டுத் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

இவற்றைக் கேலிச்சித்திரம் என்று சொல்லலாமா?

எல்லாவற்றையும் சொல்ல முடியாது. கேலிச்சித்திரம் நேற்றைய அமைச்சரைக் கேள்வி கேட்கும். இந்தப் படங்களில் பெரும்பாலானவை ஊரைப் பற்றி நமக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகும். அப்பா இவற்றைச் "சித்திரத் துணுக்கு" என்பார். நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். ஒரு கட்டத்துக்குள் மூன்று நான்கு வினோதங்களை வரைந்து, கீழே ஓரிரு வரி எழுதும் முறையை உலகெங்கும் பரப்பியவர் ரொபேர்ட் ரிப்ளி. 1918 டிசம்பரில் நியூயோர்க் குளோப் பத்திரிகையில் விளையாட்டு வினோதங்களை வரைந்து தொடங்கினார். "நம்பினால் நம்புங்கள்" என்று நாம் தமிழில் சொல்லிப் பழகியது அவருடைய தலைப்பைத்தான். அதைப் பார்த்து ஊருக்கு ஊர் பத்திரிகைகள் தங்கள் தெருக்களையும் கட்டடங்களையும் வரையத் தொடங்கின.

ஆனால் ஐம்பது ஆண்டுகள் போனால் அரசியல் கேலிச்சித்திரமும் சரித்திரத் துணுக்காகிவிடுகிறது. அதனால் அப்பா இரண்டையும் ஒரே கொப்பியில் ஒட்டினார். நானும் இங்கே பிரிக்கவில்லை.

தமிழில் இது எப்போது தொடங்கியது? இலங்கையில் யார் வரைந்தார்கள்?

தமிழ்ப் பத்திரிகையில் கருத்துப்படத்துக்கு வழி திறந்தவர் பாரதியார். 1906இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் அவர் படங்களை வெளியிட்டார். கொழும்பில் 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் வந்தன. ஆங்கிலப் பத்திரிகைகள் அதற்கு வெகு முந்தியவை. ஒப்சேவர் 1834ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது.

பெயர் சொல்ல வேண்டியவர்களில் முதலாமவர் ஒப்ரி கொலெட். ரோயல் கல்லூரியில் சித்திரம் கற்பித்தவர், 1943இல் கொழும்பில் உருவான '43 குழு' என்ற நவீன ஓவியர் குழுவில் ஒருவர். டைம்ஸ் பத்திரிகையிலும் பிறகு ஏரிக்கரை (லேக் ஹவுஸ்) நிறுவனப் பத்திரிகைகளிலும் அவர் வரைந்த அரசியல்வாதிகளின் முகங்கள்தான், அந்தத் தலைமுறைக்கு அவர்களின் உண்மையான முகங்களாக நின்றன. பிறகு அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். கேலிச்சித்திரக்காரர் விஜேசோமவின் 'புஞ்சி சிங்ஞோ' எதுவும் பேசாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்கும் சாதாரண மனிதர். நம்மவர்களில் கரவெட்டி சிவஞானசுந்தரம். பம்பாயில் கட்டடக்கலை படிக்கப் போனவர், 'சுந்தர்' என்று ஒப்பமிட்டுத் தினகரனில் சவாரித்தம்பர் என்ற சித்திரப் பாத்திரத்தை உலவவிட்டார். 1960களில் கொழும்பில் 'சிரித்திரன்' இதழைத் தொடங்கி, பின்னர் அதை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு சென்றார். சவாரித்தம்பரின் தலைப்பாகையையும் மாட்டு வண்டியையும் இன்று பார்க்கிறவர்களுக்கு, வடமராட்சியின் ஒரு காலகட்டம் முழுவதும் அந்த நாலு கோட்டில் கிடைக்கும். அதைச் சரித்திர நூல் எழுதித் தர முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

துணுக்குப் படங்களை வரைந்தவர்களில் பலர் ஒப்பமிடவே இல்லை. காரியாலயத்தில் விளம்பரத்துக்குப் படம் வரைந்தவரே மாலையில் துணுக்கும் வரைந்திருப்பார்.

கோடுகள் ஏன் இவ்வளவு தடிப்பாக, நிழலே இல்லாமல் இருக்கின்றன?

அச்சு முறைதான் காரணம். ஓவியர் கறுப்பு மையில், அச்சாகும் அளவைவிடப் பெரிதாக வரைவார். அதைப் படம் பிடித்து, ஒளிபட்டால் இறுகும் பூச்சு பூசிய நாகத் (துத்தநாகத்) தகட்டில் பதிப்பார்கள். தகட்டை நைத்திரிக் அமிலத்தில் வைத்தால் கோடுகள் மட்டும் மேடாக நிற்க, மற்ற இடமெல்லாம் அரித்துக் குழியாகிவிடும். அந்தத் தகட்டை மரக்கட்டையில் அறைந்தால் புளொக் தயார். ஈய எழுத்துகளோடு சேர்த்து அச்சில் ஏற்றுவார்கள். நெருக்கமான மெல்லிய கோடுகளுக்கிடையில் மை அடைத்துக்கொள்ளும் என்பதால் ஓவியர்கள் தடித்த கோட்டிலேயே பழகினார்கள். கோபுரத்தின் ஒரு பக்கத்தை முழுக் கறுப்பாக விட்டால் அதுதான் மாலை நேரம்.

படத்தில் உள்ள செய்திகளை நம்பலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. சிலவற்றை நம்பலாம், சிலவற்றைச் சரிபார்க்க வேண்டும். எப்படி என்று மூன்று படங்களை வைத்துச் சொல்கிறேன்.

முதலாவது, சத்தம் வீதி மணிக்கூட்டுக் கோபுரம். குடை பிடித்த ஓர் ஆங்கிலேயப் பெண்மணி கையில் வரைபடத்தோடு நிற்கிறார், பின்னால் கோபுரம், உச்சியில் விளக்கு. கீழே: "கடிகாரமா, கலங்கரை விளக்கமா? இரண்டும்! வரைந்தவர் தேசாதிபதியின் மனைவி." செய்தி உண்மை. 1857இல் எழுந்த அந்தக் கோபுரத்துக்கு வடிவம் கொடுத்தவர் தேசாதிபதி ஹென்றி வார்டின் மனைவி. பிறகு அதன் உச்சியில் கப்பல்களுக்கு விளக்கேற்றினார்கள். சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள் ஒளியை மறைத்துவிட, 1952இல் விளக்கை நிறுத்தினார்கள். அந்தப் படத்தின் ஓரத்தில் அப்பா பென்சிலால் எழுதியிருக்கிறார்: "பார்த்தேன். சனி. மணி 4.10 காட்டியது." பத்தொன்பது வயதில் ஊரிலிருந்து எழுதுவினைஞர் வேலைக்கு வந்தவர், படத்தில் கண்டதை நடந்துபோய்ப் பார்த்து வந்திருக்கிறார். சரிபார்ப்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்கும் தெரியாது.

இரண்டாவது, மாமரம். பழமில்லாத, இலை மட்டுமே உள்ள ஒரு மாமரம். "கொல" என்றால் சிங்களத்தில் இலை, "அம்ப" என்றால் மா. அதனால் கொழும்பு என்று விளக்கம். மாநகர சபையின் இலச்சினையிலேயே மாமரம் இருப்பதால் பலரும் மறுகேள்வி கேட்பதில்லை. கதை பழையதுதான், கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபேர்ட் நொக்ஸ் 1681இல் வெளியான தன் நூலில் இதைச் சொல்கிறார். ஆனால் அவருக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1344இல் வந்த இப்னு பதூதா இந்த ஊரைக் "கலன்பு" என்று குறித்துவிட்டார். களனி ஆற்றுத் துறையோடு பெயரைச் சேர்த்துப் பார்க்கிறவர்களும் உண்டு. ஆகவே படம் சொல்வது ஒரு பெயர் விளக்கக் கதை. அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பாக எடுக்க வேண்டாம்.

மூன்றாவது, எம்டன். முதலாம் உலகப் போரில் இந்து சமுத்திரத்தைக் கலக்கிய ஜெர்மன் கப்பல். அது கொழும்பின் மீது குண்டு வீசியது என்று சொல்லும் முதியவர்களைப் பார்த்திருக்கிறேன். 1914 செப்டெம்பர் 22 இரவு எம்டன் குண்டு வீசியது சென்னை மீது. நம் கடலில் அது வணிகக் கப்பல்களைப் பிடித்தது, கொழும்பைத் தாக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் கொக்கோஸ் தீவருகே அவுஸ்திரேலியக் கப்பலான சிட்னி அதை முடித்துவைத்தது. கொழும்பில் உண்மையாகக் குண்டு விழுந்தது 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்களிலிருந்து. இரண்டு போர்களின் பயமும் ஒரே நினைவாகக் கலந்துவிட்டது. எமகாதகனை "எம்டன்" என்று நாம் இன்றும் சொல்வதைக் கேட்டால், அந்தக் கப்பல் மக்கள் மனத்தில் எவ்வளவு பெரிதாக நின்றது என்று விளங்கும்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது: ஒரு துணுக்குப் படத்தில் இரண்டு சரித்திரங்கள் இருக்கின்றன. ஒன்று அது காட்டும் காலத்தினுடையது; மற்றது அது வரையப்பட்ட நாளினுடையது. முதலாவதில் பிழை இருக்கலாம். இரண்டாவதில் பிழையே இராது. அன்றைய வாசகர் எதை அறிந்திருந்தார், எதை வியந்தார், எதற்குப் பயந்தார் என்பதற்கு அந்தப் படமே சாட்சி. அதனால்தான் வெட்டிய துண்டில் திகதி இல்லாவிட்டால் எனக்கு மனம் பொறுக்காது.

ஆங்கிலப் படத்தில் முதலைகளும் சங்கிலி கட்டிய அடிமைகளும் இருக்கிறார்கள். இடம் கொம்பனித்தெரு என்கிறீர்கள். எப்படி?

ஒல்லாந்தர் காலத்தில் ஆபிரிக்க அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடம் அது. சுற்றியிருந்த வாவியில் முதலைகள் இருந்ததாகச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் "அடிமைத் தீவு" என்றே பெயர் நெடுங்காலம் நின்றது. நமக்கோ அது கொம்பனித்தெரு. பெயரில் கொம்பனி இருக்கிறது, அடிமை இல்லை. அதனால் ஆங்கில வாசகருக்கு ஒரே பார்வையில் விளங்கிய படம், தமிழ் வாசகருக்குப் புதிராக இருக்கிறது. ஆங்கிலத்தில் கடல் தெரு, நமக்குச் செட்டியார் தெரு. ஒரே தெருவில் ஒருவர் அலையைக் கண்டார், மற்றவர் வட்டிக்கடையையும் நகைக்கடையையும் கண்டார். மூன்று மொழிப் பத்திரிகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

திகதி இல்லாத துண்டின் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம்தான் பேசும். படத்தை வெட்டியவர் பின்பக்கத்தைக் கவனிக்கவில்லை, அதனால் அங்கே விளம்பரத்தின் பாதியோ மரண அறிவித்தலின் மூலையோ தப்பியிருக்கும்.

மேலே சொன்ன மணிக்கூட்டுக் கோபுரப் படத்தையே எடுத்துக்கொள்வோம். அது பசை விட்டுக் கழன்றபோது பின்னால் ஒரு புடவைக் கடை விளம்பரத்தின் கீழ்வரி தெரிந்தது: "முன்போயா, போயா தினங்களில் மூடப்படும்." அது போதும். 1966 முதல் 1971 வரை இலங்கையில் சனி, ஞாயிறுக்குப் பதிலாக, நிலவின் நிலைகளைக் கொண்டு கணிக்கும் பௌத்தப் புனித நாளான போயாவும் அதற்கு முந்திய நாளான முன்போயாவும்தான் வார விடுமுறை. ஆக, அந்தத் துண்டு அந்த ஆறு ஆண்டுகளுக்குள் அச்சானது.

வேறு தடயங்களும் உண்டு. தெருக் காட்சியில் டிராம் ஓடினால், அது 1960இல் டிராம் நிற்பதற்கு முன் வரைந்ததாக இருக்கலாம். பழைய நினைவாக வரைந்திருந்தால் கீழே "அந்தக் காலத்தில்" என்ற சொல் எங்காவது இருக்கும். 'விக்டோரியா பார்க்' என்றிருந்தால், விகாரமகாதேவி பூங்கா என்ற பெயர் நிலைக்கும் முன்னர். ஆங்கிலத் துண்டாக இருந்தால் நாட்டின் பெயர் உதவும். 1972 மே 22இல் அது மாறியது. தமிழில் இந்த வழி பயன்படாது. அன்றும் இன்றும் நமக்கு இது இலங்கைதான்.

தமிழ்த் துண்டுக்கு எழுத்து உதவும். ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகள் தலைக்கு மேல் தும்பிக்கை சுழித்த பழைய வடிவில் இருக்கின்றனவா, ணா, றா, னா காலோடு ஒட்டிச் சுழிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் ஆணையாக்கியது. நம் அச்சகங்கள் அதற்குப் பிறகே மாறின. ஒரு எச்சரிக்கை: படத்துக்குள் இருக்கும் கையெழுத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பழைய எழுத்தில் பழகிய கை, சட்டம் மாறியதற்காக உடனே மாறாது. பின்பக்கத்து அச்செழுத்தைப் பாருங்கள்.

இன்னொன்று, விரல். தாளின் பின்புறத்தை மெதுவாகத் தடவினால் எழுத்து இலேசாகப் புடைத்திருப்பது தெரிந்தால் அது ஈய எழுத்தில் அழுத்தி அச்சிட்டது. வழுவழுப்பாக இருந்தால், ஈய எழுத்து அழுத்தாத ஒப்செட் அச்சு.

கப்பலில் அமைச்சரவைக் கூட்டம் நடப்பது போல் ஒரு படம் இருக்கிறது. கற்பனைதானே?

இல்லை, நடந்தது. 1953 ஆகஸ்ட் 12 ஹர்த்தாலின்போது பிரதமர் டட்லி சேனநாயக்காவின் அமைச்சரவை, துறைமுகத்தில் நின்ற நியூஃபவுண்ட்லாந்து என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியதுதான் மக்களைத் தெருவுக்கு இழுத்தது. அவ்வாண்டு அக்டோபரில் டட்லி பதவி விலகினார். அரிசி மூட்டை, கப்பல், பின்னால் கூட்டம் ஆகிய மூன்றும் ஒரே படத்தில் வந்தால் வேறு விளக்கமே தேவையில்லை.

சில படங்களில் தமிழர்களையும் தோட்டத் தொழிலாளரையும் இழிவாக வரைந்திருக்கிறார்கள். அவற்றையும் பாதுகாக்க வேண்டுமா?

வேண்டும். பார்க்க வலிக்கும், எனக்கும் வலித்தது. 1956 ஜூனில் தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகக் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் அடிபட்டார்கள். அந்த நாட்களை ஒட்டிய பத்திரிகைகளில் ஓர் இனத்து மனிதரை எந்த மூக்கோடும் எந்த உடையோடும் வரைந்தார்கள் என்று பார்த்தால், அடிக்குமுன் மனங்கள் எப்படிப் பழக்கப்பட்டன என்று தெரியும். அதைக் கிழித்துப் போட்டால் சாட்சி அழிகிறது. நம் பத்திரிகைகள் மற்றவர்களை வரைந்த விதத்தையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். பெண்களைக் கேலி செய்த படங்கள் நம்மிடம் ஏராளம். பிள்ளைகளுக்குக் காட்டும்போது பக்கத்தில் இருந்து விளக்கிக் காட்டுங்கள்.

பழைய பத்திரிகைகளை எங்கே பார்க்கலாம்?

கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களம் முதலிடம். நூதனசாலை நூலகத்தில் 1885இலிருந்து சட்டப்படி சேர்ந்த அச்சுப் பிரதிகள் உள்ளன. வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. வீட்டிலிருந்தபடி பார்க்க 'நூலகம்' என்ற பெயருடைய இணையத்தளம். சிரித்திரன் இதழ்கள் பலவற்றை அங்கே பக்கம் பக்கமாகப் படிக்கலாம். விலைக்கு வேண்டுமென்றால் டி. ஆர். விஜயவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகள், பொறுமை வேண்டும்.

இவ்வளவு இருந்தும் தமிழ்ப் பத்திரிகைகளில் இடைவெளிகள் அதிகம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் எரிந்தது. 1983 இனக்கலவரத்தில் கொழும்பில் எத்தனை வீடுகளின் அலுமாரிகள் எரிந்தன என்று யார் கணக்கெடுத்தார்கள்? ஆகவே ஒரு வீட்டில் தப்பிய ஒரு கொப்பி, வேறெங்கும் இல்லாத ஒரு நாளை வைத்திருக்கலாம்.

துண்டுகளை எப்படிப் பாதுகாப்பது?

பத்திரிகைத் தாள் அரைத்த மரக்கூழ். அதிலுள்ள லிக்னின் வெளிச்சம் பட்டால் பழுப்பாகும், அமிலம் ஊறித் தாள் நொறுங்கும். வெள்ளவத்தை போன்ற கடலோரத்தில் ஈரமும் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். செலோடேப் ஒட்டவே கூடாது. பத்து ஆண்டில் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். லெமினேட் செய்தால் திரும்ப எடுக்க முடியாது. மாப்பசை இராமபாணப் பூச்சிக்கு விருந்து, ஆனாலும் ஏற்கெனவே ஒட்டியதைப் பிய்க்காதீர்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் அமிலமற்ற வெள்ளைத் தாள் வைத்து, அட்டைப் பெட்டியில் படுக்கையாக, நிலத்துக்கு உயரே, வெளிச் சுவரில் முட்டாமல் வையுங்கள். பெட்டியை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். கறையான் ஒரு வாரத்தில் வேலையை முடித்துவிடும்.

எனக்குக் கிடைத்த படத்தை நூலில் அச்சிடலாமா?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வரைந்தவர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. பெயரற்ற படமானால் முதலில் வெளியானதிலிருந்து 70 ஆண்டுகள். அதற்குட்பட்டதென்றால் பத்திரிகை நிறுவனத்தையோ குடும்பத்தையோ கேளுங்கள்.

வெளிநாடு போகிறோம், வீட்டைக் காலி செய்கிறோம். இந்தத் தாள்களை என்ன செய்வது?

போத்தல் பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு துண்டையும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் கைபேசியில் படமெடுங்கள். யாருடைய வீடு, எந்த ஊர், யார் சேர்த்தது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் போடுங்கள். பிறகு தமிழ்ச் சங்கத்திடமோ நூலகம் நிறுவனத்திடமோ பேசுங்கள்.

கொப்பிகளை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். சென்ற ஆண்டு கொட்டாஞ்சேனையில் உறவினர் ஒருவரின் வீடு காலியானபோது, அலுமாரித் தட்டில் விரித்திருந்த பேப்பரைத் தூக்கினேன். நாலு அடுக்கு. அடியில் இருந்தது முழுப் பக்கம், வெட்டுப்படாதது, மேல் ஓரத்தில் திகதியோடு. மூலையில் ஒரு சித்திரத் துணுக்கு: பேரை வாவியில் படகு வலிக்கும் ஒருவர். அப்பாவின் இரண்டாவது கொப்பியிலும் அதே படம் இருக்கிறது, ஓரங்கள் நறுக்கப்பட்டு, திகதியில்லாமல்.